சொல்ல முடியாத வயிற்றுவலி

வீரகேரளம்புதூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஊற்றுமலை ஜமீன் நினைவுக்கு வரும். கொஞ்சம் படித்தவர்களுக்கு அண்ணாமலை ரெட்டியாரும் காவடிச்சிந்தும் நினைவுக்கு வரும். எனக்கு அந்தச் சிற்றாற்றங்கரை வட்டாரம், சுரண்டையும் ஆலங்குளமும் சேர்த்து, பீடி சுற்றும் வீடுகளாகத்தான் மனத்தில் நிற்கிறது. அப்படி எத்தனையோ வீடுகளில் பாயில் ஒரு பிள்ளை படுத்திருக்கும். கழுத்து நிற்காது, உட்கார வராது, பேச்சு இல்லை, கஞ்சியை விழுங்குவதே பெரும்பாடு, காலையிலும் இரவிலும் ஃபிட்ஸ் மருந்து. அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் விதி, சாபம், இரக்கம் என்றே இருந்தது. அவர்களுக்கும் மற்றப் பிள்ளைகளைப்போல் வயிற்றில், நெஞ்சில், சிறுநீரகத்தில் நோய் வரும் என்பதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. பிறவிக் குறை ஒன்று இருந்துவிட்டால் வேறு நோயே வராது என்பதுபோல ஒரு நினைப்பு. இந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கணையம் என்ற ஒரே உறுப்பை வைத்துக் காட்டிவிடலாம். கடுமையான உடல், அறிவுக் குறைபாடுள்ள குழந்தைக்குத் திடீர்க் கணைய அழற்சி வந்தால், நோயைக் கண்டுபிடிக்க மருத்துவம் முதலில் நம்பும் சாட்சியே வாய் பேசாது. அந்த இடத்தில் தாயின் சொல்லைச் சாட்சியாக ஏற்று, அதைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடப்பது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் வேலை. நொதிகள் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். கணையத்துக்குள்ளேயே விழித்துவிட்டால் தம்மை உருவாக்கிய சதையையே செரிக்கத் தொடங்கிவிடும். உறுப்பு வீங்கும், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், உடம்பு வறளும், முற்றினால் நுரையீரலும் சிறுநீரகமும் தளரும். பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1889இல் இதைத் தனி நோயாக எழுதிவைத்தார். நம் ஊரில் இதற்கு இன்னொரு முத்திரை விழுந்திருக்கிறது: குடிகாரர் நோய். கணையம் வீங்கிவிட்டது என்று சொன்னாலே, ஆள் எவ்வளவு குடிப்பார் என்பதுதான் அடுத்த கேள்வி. அதனாலேயே குழந்தை விஷயத்தில் கணையம் மனத்துக்கே வருவதில்லை. மேலை நாட்டுக் கணக்குகளின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறக்குறைய 4 முதல் 13 பேருக்கு இது வருகிறது. பித்தக்கல், வயிற்றில் அடி, பொன்னுக்கு வீங்கி போன்ற வைரஸ்கள், ரத்தத்தில் மிதமிஞ்சிய கொழுப்பு, பரம்பரை மரபணுக் கோளாறு, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. பொன்னுக்கு வீங்கிக்கு எதிரான பாதுகாப்பு, அரசு போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வரும் கேரளமோ, இளம் வயதிலேயே கணையத்தில் கல் படியும் நாள்பட்ட நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற நிலம். மருத்துவர் கீவர்கீஸ் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சிறு வயதில் வயிற்றுவலியாகத் தொடங்கிப் பின்னாளில் சர்க்கரை நோயில் முடிவது அது. ஒரு மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் கணையத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்க, இந்தப் பக்கம் அதைச் சாராயக் கடையோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது விசித்திரம்தான்.

நோயை எப்படி உறுதி செய்கிறார்கள்? குழந்தைகளின் கணைய நோயை ஆராயும் பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று 2012இல் வகுத்த வரையறையைத்தான் இன்று பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். ஒன்று, கணைய நோய்க்குரிய வயிற்றுவலி. இரண்டு, ரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைபேஸ் என்ற நொதி, இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கு அல்லது அதற்கு மேல். மூன்று, ஸ்கேனில் கணைய வீக்கத்தின் அடையாளம். காகிதத்தில் இது நியாயமான வரையறை. நடைமுறையில் முதல் படிதான் மற்ற இரண்டுக்கும் வாசல். வயிறு வலிக்கிறது, வலி முதுகுக்குப் போகிறது என்று யாராவது சொன்னால்தான் மருத்துவர் லைபேஸ் எழுதுவார், ஸ்கேனுக்கு அனுப்புவார். பேச்சே இல்லாத பிள்ளையிடம் அந்த வாசல் திறப்பதே இல்லை. கை வைத்துப் பார்க்கலாமே என்றால், எப்போதும் விறைத்திருக்கும் உடம்பில் நோயால் இறுகிய வயிறு எது, வழக்கமான விறைப்பு எது என்று பிரித்தறிவது தேர்ந்த கைக்கும் கடினம். முதுகு வளைந்து குடல் முழுக்கக் காற்று நிறைந்த பிள்ளைக்கு அல்ட்ராசவுண்டிலும் கணையம் ஒழுங்காகத் தெரியாது. மூன்று சாட்சிகளில் இரண்டு இப்படித் தடுமாறும்போது மீதி நிற்பது ரத்தப் பரிசோதனை ஒன்றுதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல் என்பதற்கும் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. முதலாவது வால்ப்ரோயேட். வலிப்புக்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் நல்ல மருந்து. அதன் வலிப்படக்கும் குணம் 1962இல் பிரான்சில் தற்செயலாகத் தெரியவந்தது. அது கணையத்தைப் பாதிக்கலாம் என்ற செய்திகள் 1979 வாக்கில் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. 2000இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் உறைக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலும் வரலாம், பல ஆண்டு ஒழுங்காகக் குடித்த பிறகும் வரலாம். அளவு கூடினால்தான் வரும் என்பதும் இல்லை. இரண்டாவது, மெலிவும் முதுகு வளைவும். உடம்பில் கொழுப்பு கரைந்துபோனால், சிறுகுடலின் தொடக்கப் பகுதி பெரிய ரத்தக் குழாய்களுக்கு இடையில் நசுங்குவதுண்டு. அப்போது மேலே தேங்கும் அழுத்தம் கணையக் குழாயையும் விடாது. வளைந்த முதுகை நேராக்கும் அறுவைக்குப் பிறகு பெருமூளை வாதப் பிள்ளைகளுக்குக் கணையம் வீங்குவது எலும்பு மருத்துவர்களுக்குத் தெரிந்த சிக்கல். மூன்றாவது, வயிற்றில் துளையிட்டுப் போடும் உணவுக் குழாய். அதற்கென்று செய்த குழாய் கிடைக்காமல் மூத்திரக் குழாயையே போட்டுவிடும்போது, நுனியிலுள்ள பலூன் நழுவிக் கீழே இறங்கி, கணையநீர் குடலில் விழும் வாயையே அடைத்துவிடலாம். இதற்கெல்லாம் மேலே தாகம். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத பிள்ளை எப்போதும் கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். கணைய அழற்சியோ நீர் வற்றலில் முற்றும் நோய்.

இனி நடப்பதைப் பாருங்கள். பிள்ளை சாயங்காலத்திலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறது. கஞ்சி இறங்கவில்லை, குடித்தது வெளியே வருகிறது, முனகல் நிற்கவில்லை. முதலில் வீட்டு வைத்தியம்: குடல் ஏறியிருக்கும், தொக்கம் விழுந்திருக்கும், மாந்தமாக இருக்கும். இதில் வீட்டாரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்களுக்குத் தெரிந்த காரணங்களில் தேடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் நடப்பது அதுதான், பெயர்கள் மட்டும் வேறு: மலச்சிக்கல், எதுக்களிப்பு, கேஸ், அல்லது, இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான் அழும். ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள குறைபாட்டின் நிழலில் புதிய நோய் மறைந்துபோவதை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸ் 1982இல் எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது மனநோயைப் பற்றி. உடல் நோய்க்கும் அது அப்படியே பொருந்தும் என்பது பிறகு தெளிவாயிற்று. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் அறிவுக் குறைபாடுள்ள 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பொது மக்களைவிட ஆண்கள் 13 ஆண்டும் பெண்கள் 20 ஆண்டும் முன்னதாக இறந்திருந்தார்கள். நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் நேர்ந்த தாமதம் முக்கியக் காரணங்களில் ஒன்று. இலவச மருத்துவத்துக்குப் பேர்போன நாட்டின் கணக்கு இது. கணையம் விஷயத்தில் இந்த நிழல் இன்னொரு கொடுமையும் செய்யும். வலியும் காய்ச்சலும் நீர் வற்றலும் வலிப்பைக் கூட்டும். பிள்ளைக்கு ஃபிட்ஸ் அதிகமாகிவிட்டது என்று கொண்டுவந்தால், வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டுவதுதான் வழக்கம். அந்த மருந்தே கணையத்தைப் புண்ணாக்கியிருந்தால்? நோயின் விளைவைக் கண்டு நோயின் காரணத்தைக் கூட்டிக் கொடுத்ததாகிவிடும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, ஃபிட்ஸ் ஏன் திடீரென்று கூடியது என்று ஒருவர் கேட்டாக வேண்டும்.

தாயின் சொல்லைச் சாட்சியாக எடு என்றால் உடனே வரும் மறுப்பு, தாய் பதற்றத்தில் இருப்பாள், மிகைப்படுத்துவாள் என்பது. பதற்றம் உண்டுதான். ஆனால் பதறுகிற ஆளுக்குக் கவனம் இருக்காது என்று எந்தத் தர்க்கத்தில் சொல்கிறோம்? நாள் முழுக்க இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டிக்கொண்டே ஒரு கண்ணைப் பாயில் வைத்திருக்கும் பெண், அந்தப் பிள்ளையின் பசி அழுகையையும் ஈர அழுகையையும் தூக்க அழுகையையும் பல ஆண்டாகப் பிரித்துப் பழகியவள். “இது வேற அழுகை சார்” என்று அவள் சொல்வது, ஆயிரம் முறை பார்த்ததோடு ஒப்பிட்டுச் சொல்லும் முடிவு. பத்து நிமிடம் பார்த்த மருத்துவரிடம் அந்த ஒப்பீடு இருக்க வாய்ப்பே இல்லை. இது இரக்கத்தில் சொல்லும் வாதமும் இல்லை. கனடாவில் பேச இயலாத குழந்தைகளின் வலியை அளக்க ஒரு பட்டியல் தயாரித்தபோது, ஆய்வாளர்கள் அதற்கான குறிகளைப் பராமரிப்பவர்களைப் பேட்டி கண்டுதான் திரட்டினார்கள். முனகல், புருவச் சுளிப்பு, சமாதானமாகாமை, உடம்பை ஒரு பக்கமாகக் காத்துக்கொள்வது, வியர்வை, நிறம் மாறுவது, மூச்சை அடக்குவது, சாப்பாடு குறைவது, தூக்கம் மாறுவது என்று 30 குறிகள். 2 மணி நேரம் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இன்னொரு அளவுகோல் முகம், கால், அசைவு, அழுகை, ஆறுதலுக்கு அடங்குதல் என்று ஐந்தை மட்டும் பார்ப்பது. 2006இல் அதைத் திருத்தியபோது, தங்கள் பிள்ளைக்கே உரிய தனிக் குறிகளைப் பெற்றோர் அதில் எழுதிச் சேர்க்க இடம் விட்டார்கள். அது தேவைதான். வலியில் உடம்பு துவண்டு அமைதியாகிவிடும் பிள்ளைகள் உண்டு. சிரிப்பதுபோல் முகம் காட்டும் பிள்ளைகளும் உண்டு. அதைத் தாயைத் தவிர யார் சொல்வது?

அடுத்த மறுப்பு மருத்துவர்களுடையது, நியாயமானது. அரிதான நோய்க்காக அழுகிற பிள்ளைக்கெல்லாம் லைபேஸ் பார்க்க முடியுமா? முடியாது, வேண்டியதும் இல்லை. வால்ப்ரோயேட் குடிக்கும் பிள்ளைகளில் எந்தத் தொந்தரவும் இல்லாமலே அமைலேஸ் லேசாக ஏறியிருப்பது உண்டு. நலமாக இருக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தால் வீண் பயமே மிஞ்சும். அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருவது. லைபேஸும் சிறுநீரகம் கெட்டால் ஏறும். அதனால்தான் மூன்று மடங்கு என்ற கோடு. நான் கேட்பது குறுகலானது. பேச்சில்லாத பிள்ளை, வலிப்பு மருந்தோ உணவுக் குழாயோ உண்டு, புதிதாக வாந்தி, அல்லது உணவு மறுப்பு, அல்லது அடங்காத முனகல், அல்லது காரணமில்லாமல் கூடிய ஃபிட்ஸ், காதில் சீழ், பல்வலி, எலும்பு முறிவு, சிறுநீர்த் தொற்று, இறுகிய மலம் என்று தேடியும் விளக்கம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் சாதாரண ரத்தப் பரிசோதனைகளோடு லைபேஸையும் எழுத வேண்டும். சொல்லப்போனால் எலும்பு முறிவையும் காதுச் சீழையும் தேடுவதேகூட பல நேரம் நடப்பதில்லை. லைபேஸ் என்று ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் மற்றத் தேடலும் கூடவே வரும். வரும் முடிவு சந்தேகமாக இருந்தால் தென்காசித் தலைமை மருத்துவமனைக்கோ, எங்கள் பக்கத்துக்காரர்கள் ஹைகிரவுண்ட் என்று சொல்லும் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பலாம். கையில் ஒரு எண்ணோடு அனுப்பினால் அங்கே வேலை விரைவாக நடக்கும்.

இப்படியெல்லாம் எழுதினால் பெற்றோர் பயந்து வலிப்பு மருந்தை நிறுத்திவிடுவார்களே என்பார்கள். இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வால்ப்ரோயேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே உலை வைக்கும். மருந்து குடிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கணையம் ஒன்றும் ஆவதில்லை. ஆகையால் வீட்டில் இருப்பவர்கள் ஒரு வேளைகூடத் தாங்களாக நிறுத்தக் கூடாது. கணைய அழற்சி உறுதியானால் அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவது மருத்துவமனையில், மருத்துவர் பார்வையில் நடக்க வேண்டியது. ஆனால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமலே விட்டால், ஆபத்தின் அறிகுறியைக் கண்ணால் பார்த்தும் அடையாளம் தெரியாத நிலைக்குத் தாயை நாமே தள்ளிவிடுகிறோம். சேதியை மறைத்தவர்களைவிடச் சொன்னவர்களைத்தான் அவள் நம்புவாள்.

ஜப்பானில் 1961இல் தோக்கியோவுக்கு அருகே, கடுமையான உடல் குறையும் அறிவுக் குறையும் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்கென்றே ஷிமாதா என்ற இல்லம் தொடங்கினார்கள். 1967இல் குழந்தை நலச் சட்டத்திலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் தனிப் பிரிவாக இடம்பெற்றார்கள். அங்கே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரித்து இல்லத்தில் வைப்பதை நான் வாழ்த்த மாட்டேன். ஆனால் இத்தகைய பிள்ளைகள் பலரை ஒரே மருத்துவர் ஆண்டுக்கணக்கில் பார்த்ததால், கணைய அழற்சிபோல அரிதாக வருவதும் அவர் கண்ணில் பட்டது, எழுதப்பட்டது. நம் பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். அது நல்லது, ஆனால் ஆலங்குளத்தில் ஒரு பிள்ளைக்கும் ஊற்றுமலையில் ஒரு பிள்ளைக்கும் ஒரே நோய் வந்தாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த ஆளாக யார் இருக்க முடியும் என்று யோசித்தால் என் கை தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியைத்தான் காட்டுகிறது. கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தசைச் சிதைவு நோயோடு வாழும் கணக்காயர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தந்து, ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கைக்கணினியில் பதியும் களப்பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டமும் 2021 முதல் வீடு தேடி வருகிறது. கை கால் பயிற்சியைப் பதியும் அதே இடத்தில் என்ன மருந்து, எத்தனை மில்லி, வலித்தால் இந்தப் பிள்ளை எப்படிக் காட்டும் என்ற மூன்றையும் பதிந்தால், சிதறிக் கிடக்கும் வீடுகள் ஒரே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு உண்டு. யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கல்யாண வீட்டிலும் சொல்வார்கள். இந்தப் பிள்ளையைப் பிழைக்கவைத்து என்ன ஆகப்போகிறது, அதுவும் கஷ்டப்பட்டு தாயும் கஷ்டப்பட்டு. இதைச் சொல்பவர்களில் பலர் கொடுமைக்காரர்கள் இல்லை, களைத்தவர்கள். ஆனாலும் இந்த வாதம் அடிப்படையிலேயே தப்பு. பிழைக்கவைப்பதா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. மனிதருக்கு வரக்கூடிய மிகக் கடுமையான வலிகளில் ஒன்றை, அது வலி என்றே தெரியாமல் ஒரு குழந்தை நாள்கணக்கில் அனுபவிக்கலாமா என்பதுதான் கேள்வி. சிகிச்சையும் பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இல்லை. நரம்பு வழியே போதிய நீர், அதுவும் முதல் ஒன்றிரண்டு நாளில். வலிக்குத் தயங்காமல் மருந்து. காரணமான மருந்தையோ குழாயையோ மாற்றுவது. வாயில் ஒன்றும் கொடுக்காமல் பல நாள் பட்டினி போடும் பழைய வழக்கமும் மாறிவிட்டது. வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்கள் 2018இல் வகுத்த நெறிப்படி, இயன்றவரை சீக்கிரம் வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ உணவு தொடங்க வேண்டும். ஏற்கெனவே எலும்பும் தோலுமான பிள்ளைக்கு இது மிக முக்கியம். பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரம் பத்து நாளில் தேறிவிடுகிறார்கள். மோசமாவது பெரும்பாலும் வேறு நோய்களும் உள்ள பிள்ளைகளுக்கு, தாமதமாகக் கண்டுபிடித்தபோது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மருத்துவமனையில் இவர்களைக் கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரச் சொல்கிறது. அந்த முன்னுரிமை வரிசையில் முன்னால் நிற்கவைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. நோயைத் தேடுவதிலும் இருக்க வேண்டும்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உள்ளவர்களுக்கு: பிள்ளையின் மருந்துப் பெயர், அளவு, தொடங்கிய தேதி, எடை, வலித்தால் அது செய்யும் இரண்டு மூன்று குறிகள், இவற்றை ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற அண்டை வீட்டுப் பிள்ளை எழுதித் தரும். விடாத வாந்தியும் அடங்காத முனகலும் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள். இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கும் ஒரு வேண்டுகோள்: நேற்று வரைக்கும் இவன் இப்படி இல்லை என்று அந்த அம்மா சொன்னால், அதை நோயாளிச் சீட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், அதற்குக் கீழே லைபேஸ் என்றும் எழுதுங்கள்.